யானை சூடாக இருந்தது

“நான் செஞ்ச தப்பு என்ன? அதை மட்டும் சொல்லுங்க. நான் போயிடறேன்.”

வந்தவர் உட்காரக்கூட இல்லை. கீற்றுக் கொட்டகையின் வாசலில் நின்றபடியே கேட்டார். பஸ்ஸை விட்டு இறங்கி, வெயிலில் ஒரு மைல் நடந்து வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. கோபமும் அடங்கவில்லை.

உள்ளே பாயில் உட்கார்ந்திருந்தவள் பூக் கட்டிக்கொண்டிருந்தாள்.

“முதல்ல உள்ள வாங்கய்யா,” என்றாள். “வந்து உக்காந்து கோவப்படுங்க.”

அவருக்கு எரிச்சல் இன்னும் ஒரு படி ஏறியது. ஆனாலும் உள்ளே போனார்.

அவர் பெயர் அறவாழி. கல்லூரியில் முப்பத்திரண்டு வருடம் தத்துவம் நடத்தி ஓய்வு பெற்றவர். இரண்டு கையாலும் ஒரு காகிதக் கட்டை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். எண்ணூற்று நாற்பது பக்கம். உலகத்து மதங்களும் தத்துவங்களும் கடவுளை எப்படியெல்லாம் கண்டிருக்கின்றன என்று ஒப்பிட்டு அவர் எழுதிய நூல். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர், “மேலே வெச்சிடுங்க சார், பத்திரமா இருக்கும்” என்று சொன்னதற்கே அவரை முறைத்திருந்தார்.

அவரை இங்கே அனுப்பியது அவர் மனைவி வேதவல்லி. அனுப்பியது என்று சொன்னால் மரியாதையாக இருக்கும். “ஏரிக்கரையில கண்ணாத்தான்னு ஒருத்தி இருக்கா. எல்லாரும் போய்க் கேக்குறாங்க. நீங்களும் அங்க போய்க் கத்துங்க, என்கிட்ட கத்தாதீங்க” என்று சொல்லிச் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள் என்பதுதான் நடந்தது.

கண்ணாத்தாளுக்கு நாற்பது வயது இருக்கும். பிறவியிலேயே பார்வை கிடையாது. பெயரைக் கேட்டவர்கள் ஒரு கணம் தயங்குவார்கள். அவளே சொல்லிவிடுவாள்: “கண்ணு வரணும்னு எங்கம்மா கண்ணாத்தா கோயிலுக்கு நேர்ந்துக்கிட்டா. பேரு வந்துச்சு, கண்ணு வரலை.”

அந்தக் கொட்டகையில் ஒரு வழக்கம் உண்டு. கேள்வியோடு வருகிறவர் கையில் ஒரு பிடி பூவும் ஈர வாழைநாரும் கொடுப்பாள். கட்டிக்கொண்டே கேட்க வேண்டும். கட்டத் தெரியாதவர்கள் கோணலாகக் கட்டுவார்கள். அதுவும் மாலையில் சேரும். அந்த மாலைகள் கோயிலுக்கும் போகும், தர்காவுக்கும் போகும், மாதா கெபிக்கும் போகும். யார் வந்து கேட்கிறார்களோ அவர்களுக்கு.

அறவாழியின் முன்னாலும் பூவும் நாரும் வந்தன. அவர் ஒதுக்கி வைத்தார்.

“எனக்குக் கை வேணும்,” என்றார்.

“எதுக்குங்கய்யா?”

“எண்ணுறதுக்கு.”

கண்ணாத்தாள் மறுக்கவில்லை. “சரி, எண்ணுங்க,” என்றாள்.

விரல் மடக்கி எண்ணுவது அறவாழியின் வகுப்பறைப் பழக்கம். சுண்டு விரலில் தொடங்குவார். ஒவ்வொரு மதத்துக்கும் ஒரு விரல் மடங்கும். சாருக்குப் பதினோரு விரல் இருந்திருந்தால் உலகத்தில் இன்னொரு மதம் கூடியிருக்கும் என்று மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் சொல்லிச் சிரிப்பார்கள். அவருக்கும் அது தெரியும்.

“என் பொண்ணு பேரு நித்திலா,” என்று ஆரம்பித்தார். “பெனடிக்ட்ங்கிற பையனை விரும்பிக் கல்யாணம் பண்ணிக்கிட்டா. எனக்கு அதுல ஒரு ஆட்சேபணையும் இல்லை. எழுதி வெச்சுக்குங்க.”

“நான் எழுதினா உங்களுக்குப் படிக்க வராது. புள்ளி எழுத்து. நீங்க சொல்லுங்க.”

அறவாழி ஒரு முறை கனைத்துக்கொண்டார்.

“எட்டு மாசத்துக்கு முன்னாடி அவளுக்கு ஒரு ஆம்பளைப் புள்ளை பொறந்தான். இதயத்துல கோளாறு. பதினோரு நாள் இருந்தான். பேர்கூட வெக்கலை. பன்னெண்டாம் நாள் காலையில டாக்டர் வந்து சொன்னார்.”

“ம்.”

“அந்த ரூம்ல எல்லாரும் இருந்தோம். என் வீட்டுக்காரி முருகா முருகான்னு சுவத்துல முட்டிக்கிட்டா. பெனடிக்ட்டோட அம்மா ஜெபமாலையைப் பிடிச்சுக்கிட்டுக் கீழ உக்காந்துட்டாங்க. ஒரு நர்ஸம்மா, அவங்க பேரு மெஹருன்னிசா, ‘அல்லா தந்தான், அல்லாவே கூப்பிட்டுக்கிட்டான், அழுவாதேம்மா’ன்னாங்க. நித்திலா அவங்க யாரையும் பார்க்கலை. என்னைப் பார்த்தா. அத்தனை பேரையும் விட்டுட்டு என்னை.”

அவர் காகிதக் கட்டை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“‘அப்பா, அவன் எங்கப்பா?’ன்னு கேட்டா.”

“நீங்க என்ன பண்ணீங்க?”

“பதில் சொன்னேன்! வேற என்ன பண்ணணும்? கேள்வி கேட்டா பதில் சொல்றதுதானே மரியாதை? அதுவும் அவ சின்ன வயசுல இருந்து எதைக் கேட்டாலும் நான் மழுப்பினதே கிடையாது.”

“என்ன பதில்யா சொன்னீங்க?”

அறவாழி காகிதக் கட்டை மடியில் வைத்தார். நிமிர்ந்து உட்கார்ந்தார். சுண்டு விரல் மடங்கியது.

“முதல்ல வேதாந்தம். எல்லாம் ஒண்ணே. குடம் உடைஞ்சா உள்ளே இருந்த வெளி எங்கேயும் போறதில்லை, வெளியிலேயே இருக்கு. அதனால ‘எங்கே’ங்கிற கேள்வியே எழாது.”

மோதிர விரல் மடங்கியது.

“அடுத்தது சைவ சித்தாந்தம். அங்கே உயிர் தனி, இறைவன் தனி. வினை தீர்ற வரைக்கும் உயிர் பிறந்துட்டேதான் இருக்கும். இவனும் வேற எங்கேயாவது பிறப்பான். மூணாவது சமணம். அங்கே படைச்சவன்னு ஒருத்தனே இல்லை, உயிரும் வினையும்தான். நாலாவது பௌத்தம். கடவுளைப் பத்திக் கேட்டா பேச்சே கிடையாது. அணைஞ்ச விளக்குச் சுடர் கிழக்கே போச்சா மேற்கே போச்சான்னு கேக்க முடியுமா?”

“இதையெல்லாம் அந்தப் பொண்ணுகிட்ட சொன்னீங்களா?”

“சுருக்கமாத்தான் சொன்னேன். ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு மூணு வாக்கியம். அஞ்சாவது யூதர்கள். இறைவன் பேரை வாயால உச்சரிக்கவே மாட்டாங்க, அவ்வளவு அச்சம். இதைச் சொல்றப்ப கையை நீட்டினா. தண்ணி வேணுமாம்மான்னு கேட்டேன். இல்லைன்னு தலையை ஆட்டினா. சரின்னு மேல சொன்னேன்.”

“அஞ்சாவதுலதானே?”

“ஆமா. ஏன்?”

“சும்மா கேட்டேன்யா. ஆறாவது?”

ஆறாவதில் அறவாழி சற்றுத் தடுமாறினார். ஆனால் நேர்மையான மனிதர். மறைக்கவில்லை.

“ஆறாவது கிறிஸ்தவம். அங்கே கடவுள் தகப்பன். மனுசனாவே வந்து பாடுபட்டவர். குழந்தை அவர் மடியில இருக்கும்னு சொன்னேன். கூடவே, ஞானஸ்நானம் ஆகாத குழந்தைங்க மோட்சத்துக்கும் போகாம நரகத்துக்கும் போகாம ஒரு விளிம்புல நிக்கும்னு அந்தக் காலத்து அறிஞர்கள் சிலபேர் சொன்னாங்கன்னும் சொன்னேன்.”

கண்ணாத்தாளின் கை நின்றது.

“இப்ப அந்தக் கருத்தை யாரும் வற்புறுத்துறதில்லைன்னும் சொன்னேன்!” என்றார் அறவாழி அவசரமாக. “அதை யாரும் காதுல வாங்கலை. பெனடிக்ட்டோட அம்மா நெஞ்சுல அடிச்சுக்கிட்டு எழுந்து வெளிய போயிட்டாங்க. பெனடிக்ட் என்னை ஒரு பார்வை பார்த்தான் பாருங்க. பல நூறு வருஷத்துச் சிந்தனை அது. நானா கண்டுபிடிச்சேன்?”

“அதுக்கப்புறமும் சொன்னீங்களா?”

“பாதியில விட்டா அது ஒப்பீடே இல்லையே. இஸ்லாத்துல சின்னப் புள்ளைங்க சொர்க்கத்துல தாய் தகப்பனுக்காகக் காத்திருக்கும். நித்திலா அதைக் கேட்டு ஒரு நிமிஷம் திரும்பினா. அப்புறம் கிரேக்கம். தான் அசையாம எல்லாத்தையும் அசைக்கிற ஒண்ணு. அதுக்கு நம்மைத் தெரியவே தெரியாது. சீனத்துல அது ஒரு வழி, பேர் சொல்லிட்டா அது இல்லை. பத்தாவது நம்ம லோகாயதம். உடம்பு போனா எல்லாம் போச்சு.”

பத்து விரலும் மடங்கிவிட்டன. இரண்டு கையும் மூடிய முட்டியாக அவர் மடியில் இருந்தன.

“பொண்ணு என்ன சொன்னா?”

“என்கிட்ட சொல்லலை. நர்ஸம்மாகிட்ட சொன்னா. ‘அப்பாவை வெளிய போகச் சொல்லுங்க’ன்னா. சுவத்தைப் பார்த்துத் திரும்பிக்கிட்டா. எட்டு மாசம் ஆச்சு. போன் பண்ணா எடுக்குறதில்லை. வீட்டுக்குப் போனா அவங்கம்மாவுக்கு மட்டும் கதவு திறக்குது.”

சொல்லிவிட்டு அவர் பொங்கினார். எட்டு மாதம் அடக்கி வைத்தது. வேதவல்லியிடம் கத்தியதெல்லாம் இதில் கால்வாசிகூட இல்லை.

“நான் பொய் சொல்லியிருக்கணுமா? நட்சத்திரமாயிட்டான்னு சொல்லியிருக்கணுமா? சாமிகிட்ட போயிட்டான்னா எந்தச் சாமி? உருவம் இருக்குங்கிறான் ஒருத்தன், இல்லைங்கிறான் ஒருத்தன். ஒண்ணுங்கிறான், மூணுங்கிறான், முப்பத்து முக்கோடிங்கிறான். அன்பே வடிவம்ங்கிறான், நம்மைக் கண்டுக்காதுங்கிறான். முப்பது வருஷம் அத்தனை பேரையும் படிச்சேன்மா! ராத்திரி பகல் பார்க்காம படிச்சேன். ஒரு பதினோரு நாள் புள்ளைக்கு அதுல ஒருத்தன்கூட உருப்படியா ஒரு பதில் வெச்சிருக்கலை. அந்தக் கோவத்தை நான் யார்கிட்ட காட்ட? அவன் எனக்கும் பேரன்தான்!”

ஏரியில் ஒரு நாரை கத்தியது.

கண்ணாத்தாள் மெல்லக் கேட்டாள். “இந்தப் பத்தையும் முதல்ல சொன்னவங்க, யார் கேட்டுச் சொன்னாங்க?”

“என்ன?”

“அந்தக் குடம், விளக்கு, தகப்பன் மடி. எல்லாம் நல்ல சொல்லாத்தான் இருக்கு. முதல் தடவை யாருகிட்ட சொல்லியிருப்பாங்க? எதுத்தாப்புல யாரு உக்காந்திருந்தா?”

“அது ஆய்வுக்குச் சம்பந்தமில்லாத விஷயம்.”

“ஓ,” என்றாள் கண்ணாத்தாள்.

அந்த “ஓ” அறவாழிக்குப் பிடிக்கவில்லை. தன் பக்க நியாயத்தை இன்னும் கொஞ்சம் பலமாக நிறுத்த வேண்டும் என்று தோன்றியது.

“நான் ஒண்ணும் கல்நெஞ்சக்காரன் இல்லை. கடைசியில ஆறுதலாத்தான் முடிச்சேன். கதவுகிட்ட நின்னு, நித்திலா, இதெல்லாம் ஒண்ணுக்கொண்ணு சண்டை இல்லைம்மா, அந்த யானைக் கதை மாதிரித்தான்னு சொன்னேன். என் புத்தகமே அதுலதான் முடியுது.”

“எந்த யானைக் கதை?”

அறவாழி வாயைத் திறந்தார். எதிரில் உட்கார்ந்திருப்பது யார் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

“அது வந்து… ஆறு குரு… ஆறு பார்வையற்றவங்க…”

“குருடங்கன்னே சொல்லுங்கய்யா. கதையில அப்படித்தானே இருக்கு.”

அவர் சொன்னார். சங்கடத்தில் வேகமாகச் சொன்னார். காலைத் தொட்டவன் உரல் என்றான். காதைத் தொட்டவன் முறம் என்றான். தும்பிக்கையைத் தொட்டவன் உலக்கை, வாலைத் தொட்டவன் துடைப்பம், வயிற்றைத் தொட்டவன் சுவர். ஆறாவது ஆள் தந்தத்தைப் பிடித்து ஏர்க்கொழு என்றான். ஆறு பேரும் அடித்துக்கொண்டார்கள். பக்கத்தில் நின்ற கண்ணுள்ளவன் பார்த்துச் சிரித்தான்.

“கடவுள்தான் அந்த யானை,” என்று முடித்தார்.

கண்ணாத்தாள் கையில் இருந்த சரத்தைப் பாயில் வைத்தாள். வைத்த வேகத்தில் நாலு பூ உதிர்ந்தது. கொட்டகைக்கு வழக்கமாக வருகிறவர்கள் யாரும் அவளை அப்படிப் பார்த்ததில்லை.

“நான் யானையைத் தொட்டிருக்கேன்யா. எட்டு வயசுல. நாங்க படிச்ச பள்ளிக்கூடத்துக்குக் கோயில் யானையைக் கூட்டியாந்தாங்க. நாங்க பதினாலு புள்ளைங்க, பதினாலும் குருடு. ஒருத்தர் கையை ஒருத்தர் பிடிச்சுக்கிட்டுத்தான் கிட்டப் போனோம். பயத்துல ஒருத்தி என் கையைப் பிறாண்டிட்டா. அப்ப எங்களுக்கு முதல்ல என்ன தெரிஞ்சது தெரியுமா?”

“என்ன?”

“சூடு.”

அவள் உள்ளங்கையைத் தன் முன்னால் காற்றில் வைத்தாள்.

“யானை சூடா இருந்துச்சு. அடுப்புப் பக்கத்துச் சுவரு மாதிரி ஒரு சூடு. ஆனா அது ஏறி இறங்குச்சு. மூச்சு விட்டுச்சு. உள்ள எதுவோ கொடகொடன்னு ஓடுச்சு. கால்ல கை வெச்சவளும் அதைத்தான் சொன்னா, காதுல கை வெச்சவளும் அதைத்தான் சொன்னா. ‘ஏய், இது உசுரோட இருக்குடி!’ன்னு கத்தினோம். உரலாம், முறமாம், துடைப்பமாம். வீட்டுச் சாமான் பட்டியலா அது? ஆறு பேருல ஒருத்தனுக்குக்கூடவா அதுக்கு உசுரு இருக்குறது தெரியலை? எந்தக் குருடன்யா யானையைத் தொட்டுட்டு சுவருன்னு சொல்லுவான்? நாங்க சுவரைத் தினமும் தொடுறவங்க.”

“அம்மா, அது ஒரு உருவகம்…”

“நாங்க சண்டையும் போடலை. நான் தும்பிக்கையைப் பிடிச்சிருந்தேன். வால் பக்கம் இருந்தவளைக் கூப்பிட்டேன். இடம் மாத்திக்கிட்டோம். முழுசாச் சுத்தி வந்தோம். கண்ணு தெரியாதவனுக்குப் பக்கத்து ஆள்கிட்ட கேக்காம ஒரு நாள் போகாது. அவனா தான் தொட்டதே போதும்னு அடிச்சுக்குவான்? இந்தக் கதையைக் கட்டினவனுக்கு நல்லாக் கண்ணு தெரியும். அவன் யானையைத் தொட்டிருக்கவும் மாட்டான், குருடனைத் தொட்டிருக்கவும் மாட்டான்.”

அறவாழிக்கு முகம் சிவந்தது. இந்தக் கதையை முப்பத்திரண்டு வருடம் வகுப்பில் சொன்னவர். ஒரு மாணவன்கூட எழுந்து இப்படிக் கேட்டதில்லை.

“சரி, கதையை விடுங்க. கருத்தை எடுத்துக்குங்க,” என்றார்.

“எடுத்துக்கிறேன். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. சண்டை முடிஞ்சப்புறம் அந்த ஆறு பேரும் வீட்டுக்கு எப்படிப் போனாங்க?”

“என்னது?”

“ஊருக்கு வெளியில நிக்கிறாங்க. யானைக்குப் பக்கத்துல. ஆறும் குருடு. சண்டை வேற போட்டாச்சு, இனி ஒருத்தன் கையை ஒருத்தன் பிடிக்க மாட்டான். கண்ணுள்ளவன் ஒருத்தன் நின்னான்னு சொன்னீங்களே, சிரிச்சவன். அவன் கூட்டிட்டுப் போனானா?”

“கதையில… அது இல்லை.”

“இல்லையா, நீங்க கேக்கலையா?”

“அது கதைக்குத் தேவையில்லாதது!” அறவாழி எழுந்துவிட்டார். “நான் என் பொண்ணைப் பத்திக் கேக்க வந்தேன். நீங்க கதையில வர்ற குருடனுங்க வீட்டுக்குப் போன வழியைக் கேக்குறீங்க. நான் என்ன தப்புச் செஞ்சேன்னு உங்களுக்கும் சொல்லத் தெரியலை. தெரியலைன்னாவது சொல்லிடுங்க!”

கண்ணாத்தாள் பாயில் கை துழாவி நாரைத் தொட்டுப் பார்த்தாள்.

“நார் காஞ்சுபோச்சு,” என்றாள். “பேசிட்டே இருந்ததுல கவனிக்கலை. காஞ்ச நாருல கட்டினா பூவை அறுத்துடும். ஏரியில போய் நனைச்சுட்டு வரணும். நான் தண்ணிக்குப் போகணும்யா. நீங்க வர்றீங்களா?”

கோபமாக இருந்தாலும் அறவாழி வளர்ப்புச் சரியானவர். பார்வை இல்லாத ஒரு பெண்ணைத் தனியாக விட்டுவிட்டுப் பஸ்ஸுக்குக் கிளம்ப மனம் வரவில்லை. காகிதக் கட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தார். அவர் முன்னால், அவள் பின்னால்.

கொட்டகைக்கு வெளியே தரை சரிந்து இறங்கியது. கீழே ஏரி மின்னியது. அறவாழி நின்று நிலைமையை ஆராய்ந்தார்.

“மூணு வழி இருக்கும்மா,” என்றார். சுண்டு விரல் தானாக மடங்கியது. “இதோ இந்தப் பக்கம் கல்படி. நேர் வழி. ஆனா நடுவுல ரெண்டு படி பேந்திருக்கு. ரெண்டாவது, அதோ அந்த வேலியை ஒட்டிப் போற ஒத்தையடிப் பாதை. சரிவு கம்மி, முள்ளு இருக்கு. மூணாவது கரைமேட்டைச் சுத்திப் போறது. நான் வந்த வழி அதுதான். தூரம் ஜாஸ்தி, ஆபத்து இல்லை. அதுலயும் மாடு கட்டியிருக்காங்க. ஒவ்வொண்ணுலயும் ஒரு சௌகரியம் இருக்கு, ஒரு அசௌகரியம் இருக்கு. மொத்தமாப் பார்த்தா மூணும் ஒரே தண்ணிக்குத்தான் போகுது.”

பின்னால் சத்தம் இல்லை.

“எது வசதின்னு நீங்கதான் முடிவு பண்ணணும். நான் திணிக்க மாட்டேன்.”

அப்போதும் சத்தம் இல்லை. அறவாழி திரும்பினார். மூன்று விரல் மடங்கியபடியே திரும்பினார்.

கண்ணாத்தாள் கொட்டகை வாசலில் நின்றிருந்தாள். இடது கையில் காய்ந்த நார்க் கற்றை. வலது கையை முன்னால் நீட்டியிருந்தாள். உள்ளங்கை மேலே பார்த்திருந்தது. கை லேசாக நடுங்கத் தொடங்கியிருந்தது.

“எவ்வளவு நேரமா இப்படி நிக்கிறீங்க?”

“நீங்க முதல் வழி சொல்ல ஆரம்பிச்சதுல இருந்து.”

அறவாழி அந்தக் கையைப் பார்த்தார்.

ஆஸ்பத்திரியின் பச்சை விரிப்பு. ஊசி குத்திய இடத்தில் ஒட்டிய பிளாஸ்திரி. கட்டில் ஓரத்தைத் தாண்டி, அவர் சட்டைப் பொத்தான் வரைக்கும் வந்து நின்ற ஒரு கை. உள்ளங்கை மேலே பார்த்திருந்தது. தண்ணி வேணுமாம்மா என்று அவர் கேட்டார். நித்திலா இல்லை என்று தலையாட்டினாள். அதற்குப் பிறகும் அந்தக் கை சிறிது நேரம் அங்கேயே இருந்தது. ஆறாவது விரல் மடங்கும்போது அங்கே இல்லை.

அக்குளில் இருந்த காகிதக் கட்டு நழுவி மண்ணில் விழுந்தது. அவர் குனியவில்லை.

மேடேறிப் போய்க் கண்ணாத்தாளின் கையைப் பிடித்தார். ஒரு பேராசிரியருக்கு யார் கையையும் பிடித்துப் பழக்கம் இல்லை. முதலில் மணிக்கட்டைப் பிடித்தார். பிறகுதான் உள்ளங்கை கிடைத்தது. அது சூடாக இருந்தது.

எந்த வழியில் இறங்கினார்கள் என்று அவரைக் கேட்டால் அவருக்கே தெரியாது. பெயர்ந்த படி வந்தபோது அவர் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவள் கால் அந்தப் படியைத் தாண்டி அடுத்ததில் இருந்தது. அதற்கடுத்த பெயர்ந்த படியிலும் அப்படியே. இறங்கியதில் ஒரே ஒரு கால் தடுக்கியது. அது அவருடையது. அவள்தான் பிடித்துக்கொண்டாள்.

தண்ணீர் ஓரத்தில் உட்கார்ந்து அவள் நாரை நனைத்தாள்.

“நீங்க தினமும் தனியாவா வருவீங்க?”

“பதினெட்டு வருஷமா.”

“அப்ப வழி உங்களுக்குத் தெரியும்.”

“தெரியுமே.”

“அப்புறம் எதுக்கு…” என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை.

நார் ஊறியது. அவர் கன்னம் நனைந்திருந்தது. அவள் அதைப் பார்க்க வழியில்லை. ஆனாலும், “முகத்தைக் கழுவிக்குங்கய்யா, தண்ணி சுத்தமாத்தான் இருக்கும்” என்றாள்.

திரும்பும்போது விழுந்த காகிதக் கட்டை மண் தட்டி எடுத்துக் கொடுத்தவளும் அவள்தான். கூடவே ஒரு மஞ்சள் பையும் கொடுத்தாள்.

“இவ்வளவு கனத்தை நெஞ்சுல கட்டிட்டுப் போகாதீங்க. இதுல போட்டுத் தோள்ல மாட்டிக்குங்க.”

“அம்மா, நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லலை.”

“பஸ் பன்னெண்டே காலுக்கு,” என்றாள் கண்ணாத்தாள். “விட்டா மூணு மணிக்குத்தான்.”

அவர் ஓடினார். அறுபத்து மூன்று வயதில் மஞ்சள் பை இடுப்பில் அடிக்க அடிக்க ஒரு மனிதர் கரைமேட்டில் ஓடியதை மாடு மேய்த்தவர்கள் பார்த்தார்கள்.

மூன்றரை மணிக்கு அவர் நித்திலாவின் வீட்டு வாசலில் நின்றார். அழைப்பு மணியை ஒரு முறைதான் அடித்தார். கதவு கொஞ்சம் திறந்தது. சங்கிலி போட்டிருந்தது. இடைவெளியில் அவள் முகம் தெரிந்தது. இளைத்திருந்தாள்.

“என்ன?” என்றாள். “பதினொண்ணாவதா ஏதாச்சும் கிடைச்சிருச்சா? சொல்லுங்க. அதுக்குத்தானே வந்திருக்கீங்க? என் புள்ளை எங்கே இருக்கான்னு இப்பவாவது கண்டுபிடிச்சிட்டீங்களா?”

“தெரியலைம்மா,” என்றார்.

சங்கிலிக்கு இந்தப் பக்கமிருந்து கையை நீட்டினார். உள்ளங்கை மேலே பார்த்திருந்தது.

அவள் அந்தக் கையைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். மறுபடியும் கையைப் பார்த்தாள். கதவைச் சாத்தவில்லை, திறக்கவும் இல்லை. எதிர்வீட்டில் யாரோ எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார்கள். தோளில் பை கனத்தது. நீட்டிய கை நடுங்க ஆரம்பித்தது.

அறவாழி விரல்களை மடக்கவில்லை.